அப்பா லேமினேட் செய்து வைத்த மருந்துச் சீட்டு: மாத மருந்தை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காவிரிக்கரை:

அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. இருவரும் கும்பகோணத்தில், நான் சென்னையில். அப்பாவுக்கு பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால். அம்மாவுக்கு தைராய்டு, பிரஷர், போதாக்குறைக்கு முட்டிவலி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 மாத்திரை.

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவின் இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்மா அதைப் பித்தம் என்று முடிவு கட்டி இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சந்தேகம் வந்து மாத்திரை வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். சீட்டில் பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 தனியாக, அம்லோடிபின் 5 தனியாக இருக்கிறது. டின்னில் இருந்ததோ டெல்மிசார்டன் பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' போட்ட அட்டை. அதற்குள்ளேயே ஒரு அம்லோடிபின் இருக்கிறது. அதோடு தனி அம்லோடிபினையும் அப்பா ஒருநாள் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மாதம் கடையில் "தனி மாத்திரை ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான் ஐயா" என்று கொடுத்தார்களாம். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது பிரஷர் 98/60க்கு இறங்கியிருந்தது.

இதில் இன்னொரு கூத்து, அந்தச் சீட்டு 14 மாதம் பழையது. கசங்கிக் கிழிந்துவிடக் கூடாது என்று அப்பா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பத்திரத்துக்குக்கூட இந்த மரியாதை கிடையாது. மாதாமாதம் அதைக் காட்டுவார், கடைப் பையன் எடுத்துக் கொடுப்பான், கதை முடிந்தது.

வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோரின் மருந்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். எப்படிச் செய்கிறீர்கள்? கடைக்காரரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?


சுங்கம் பைபாஸ்:

ஆன்லைனில் போட்டுவிடுங்கள். சீட்டை ஒரு தடவை ஏற்றினால் மாதாமாதம் அவர்களே ஞாபகப்படுத்துவார்கள், 15இலிருந்து 20 சதவீதம் தள்ளுபடி வேறு. மூன்று வருடமாக என் மாமியாருக்கு இப்படித்தான், ஒரு பிரச்சினையும் இல்லை.


காவிரிக்கரை:

யோசித்தேன் அண்ணா. ஆனால் ஸ்டாக் இல்லை என்றால் அவர்களும் வேறு கம்பெனி மாத்திரையைக் காட்டி "இதை எடுத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்கிறார்களே. போனில் அந்தக் கேள்விக்கு அப்பா "சரி" என்று அழுத்திவிடுவார். டெலிவரி கொண்டுவரும் பையனிடம் கால் வீங்கியிருக்கிறது என்று சொல்லிப் பயனும் இல்லை.


பெரியகுளத்தார்:

நான் 20 வருடமாக ஒரே சீட்டு, ஒரே கடை. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, இடுப்பு வலி வந்தால் ஒரு டைக்ளோஃபெனாக். டாக்டரிடம் போனால் 500 ரூபாய் பீஸ் வாங்கிக்கொண்டு அதையேதான் திரும்ப எழுதித் தரப்போகிறார். எதற்கு? உங்கள் அப்பா விஷயத்தில் கடைக்காரன் தப்பு செய்திருக்கிறான், சீட்டின் மேல் தப்பில்லை. லேமினேட் செய்தது நல்ல யோசனைதான், நானும் செய்யலாம் என்று பார்க்கிறேன்.


கல்வம்:

நான் பி.பார்ம் படித்துவிட்டு 19 வருடமாகத் திருச்சியில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த லேமினேஷன். பெரியகுளத்தார் ஐயா, தயவுசெய்து வேண்டாம். 1945ஆம் வருட மருந்து விதிகளில் 65ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. மருந்துக்கடைகள் எல்லாம் அதற்குள்தான் ஓட வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்கலாம், டாக்டரே "இதைத் திரும்பக் கொடுக்கலாம்" என்று எழுதியிருந்தால் மட்டும் மறுபடி கொடுக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று அவர் எழுதினால் அதன்படி. கொடுக்கும்போது கடையின் பெயர், முகவரி, தேதியைச் சீட்டிலேயே டாக்டர் கையெழுத்துக்கு மேலே குறிக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் நான் எங்கே எழுதுவது?

"எந்தக் கடையில் இதையெல்லாம் செய்கிறார்கள்" என்று கேட்பீர்கள். பெரும்பாலான கடைகளில் செய்வதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தேதிகளால் உங்களுக்குத்தான் லாபம். சீட்டைத் திருப்பிப் பார்த்தால் போன மாதம் எப்போது வாங்கினார், இடையில் பத்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்தாரா, இரண்டு கடையில் வாங்கியிருக்கிறாரா, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்தது அந்த "அதேதான் ஐயா". அதே 65ஆம் விதியில் இன்னொரு வரி இருக்கிறது. அட்டவணை எச் மருந்துகள், அதாவது அட்டையில் சீட்டு வேண்டும் என்று அச்சடித்திருக்கும் மருந்துகள், அவற்றைச் சீட்டில் எழுதியிருந்தால் அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது. உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் கூடாது. பிரஷர், சுகர் மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நடைமுறையில் கம்பெனி மாற்றிக் கொடுப்பது தினமும் நடக்கிறது, நான் மட்டும் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் மாற்றினால் டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிட்டு, வாங்குகிறவர் கண்ணெதிரே பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் மாற்றுவேன். உங்கள் அப்பாவுக்கு நடந்தது கம்பெனி மாற்றம்கூட இல்லை தம்பி, மருந்தே வேறு. தனி மருந்துக்குப் பதில் கூட்டு மருந்து.

பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வால்தான் எமன். ஏஎம் என்றால் உள்ளே அம்லோடிபின். எச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு என்கிற நீர் மாத்திரை. சுகர் மாத்திரையில் எம் என்றால் பெரும்பாலும் மெட்ஃபார்மின், அதன் பக்கத்தில் வரும் 1, 2 என்கிற எண் கூடவே இருக்கிற கிளிமிபிரைடு என்கிற இன்னொரு சுகர் மருந்தின் அளவு. 1 கேட்டு வந்தவர் கையில் 2 போனால் நடுராத்திரியில் சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டும். எஸ்ஆர் என்று இருந்தால் மெதுவாகக் கரைகிற மாத்திரை, அதைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கிக் கொடுக்கக் கூடாது. இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். சீட்டைக் கடைக்குக் கொண்டுபோனால் போதாது, காலி அட்டையையும் கொண்டு போங்கள், வாலோடு சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்.


மாடிவீட்டு மல்லிகா:

கல்வம் சார், நன்றி. ஒரு கேள்வி. என் அம்மாவுக்குத் தூக்க மாத்திரை (அல்பிரசோலம்) பழைய சீட்டுக்குத் தர மாட்டோம் என்று இரண்டு கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறார். பிரஷர் மாத்திரை மட்டும் கேட்காமல் கொடுக்கிறார்கள். இது என்ன நியாயம்?


கல்வம்:

மேடம், அந்த இரண்டு கடைக்காரர்களும் நல்லவர்கள். அது அட்டவணை எச்1. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அல்பிரசோலம், டயஸிபாம், சோல்பிடெம் மாதிரி பழக்கமாகிவிடுகிற மருந்துகள், டிராமடால், காசநோய் மருந்துகள், வீரியமான சில ஆன்டிபயாட்டிக் எல்லாம் அதில் வரும். கொடுத்தால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், ஆய்வாளர் வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்.

ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. தூக்கம் போய்விடும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுவதற்கு இந்த மாத்திரையும் ஒரு காரணம்.


நெல்லைச்சீமை:

எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று. ஆச்சிக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது, எங்கள் ஊருக்கு வந்தபோது ஆச்சிக்கு ஒரே சந்தோஷம், அந்த மாத்திரைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரை நாள் உட்கார வேண்டியதில்லையே. வருகிற அக்கா எங்கள் பக்கத்துத் தெருதான், மகளிர் குழுவில் இருக்கிறவர், பிரஷர் பார்த்து நோட்டில் குறித்துவிட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்.

வில்லங்கம் என்னவென்றால், ஆச்சி தனியார் டாக்டரிடமும் போகிறார். அவர் எழுதிய மெட்ஃபார்மினை என் சித்தப்பா மெடிக்கலில் வாங்கி வந்து வைப்பார். அரசாங்க மாத்திரையின் அட்டை ஒரு நிறம், கடை அட்டை வேறு நிறம், பெயரும் வேறு. இரண்டும் ஒன்று என்று ஆச்சிக்கு எப்படித் தெரியும்? "அது அரசாங்கத்துச் சுகர் மாத்திரை, இது டாக்டர் கொடுத்த சுகர் மாத்திரை" என்று நாலு மாதம் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, மெடிக்கலில் இருந்த பெண். வயிற்றுப்போக்குக்கு மருந்து கேட்டுப் போன சித்தப்பாவிடம் "வீட்டில் வேறு என்னென்ன மாத்திரை இருக்கிறது, எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு மாத்திரைகூட விற்கவில்லை அன்றைக்கு.


காவிரிக்கரை:

இதைப் படித்துவிட்டு உடனே ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவின் அலமாரியில் வேறு எதுவும் இருக்கிறதா என்று கேட்டால், முட்டிவலிக்குப் பக்கத்து வீட்டு மாமி கொடுத்த மாத்திரை இருக்கிறதாம். பெயர் தெரியாது. "மஞ்சள் கலர், நன்றாகக் கேட்கிறது" என்கிறார்.


கல்வம்:

மஞ்சள் கலரை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது, அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் என்று ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். இந்த வகை வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையை வேலை செய்ய விடாது, கிட்னியையும் சேர்த்து இழுக்கும். அதிலும் டெல்மிசார்டன் மாதிரி மருந்தும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே ஓடும்போது மூன்றாவதாக இது சேர்ந்தால் வயதானவர்களின் கிட்னிக்கு ஆகவே ஆகாது.

பெரியகுளத்தார் ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, அதன் மேல் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக். கடைசியாக கிரியாட்டினின், அதாவது கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை, எப்போது பார்த்தீர்கள்?


பெரியகுளத்தார்:

பார்த்ததில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன்.


கல்வம்:

கிட்னி பாதிக்கு மேல் கெடும்வரை நன்றாகத்தான் இருக்கும் ஐயா. மெட்ஃபார்மினை எவ்வளவு கொடுக்கலாம் என்பதே கிட்னி வடிகட்டும் அளவைப் பார்த்துத்தான் முடிவாகும், ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் நிறுத்தியே விடுவார்கள். 20 வருடம் முந்தைய சீட்டு எழுதும்போது உங்கள் கிட்னிக்கும் 20 வயது குறைவு. டாக்டர் அதையேதான் திரும்ப எழுதுவார் என்றால் அது நல்ல செய்தி, ஆனால் பார்த்துவிட்டு எழுதட்டும்.


சுங்கம் பைபாஸ்:

எல்லாரும் மருந்துக்கடைக்காரரைக் கடவுள் மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் ஏரியாவில் மூன்று கடை. மூன்றிலும் சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கும், அந்தப் போட்டோவில் இருக்கிற ஆளை ஒருநாளும் கடையில் பார்த்ததில்லை. எடுத்துக் கொடுப்பது பத்தாவது முடித்த பையன். அவனிடம் ஆலோசனை கேட்பதற்கு ஆன்லைனே மேல்.


கல்வம்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, நீங்கள் சொல்வது உண்மை. 1948ஆம் வருட பார்மசி சட்டப்படி சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். 2015இல் வந்த பார்மசி பிராக்டிஸ் ஒழுங்குமுறைகளில், மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும், என்ன பக்கவிளைவு வரும் என்று நோயாளிக்கு விளக்குவதே மருந்தாளுநரின் வேலை என்று எழுதியிருக்கிறார்கள். சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் என்னோடு படித்தவர்களிலேயே உண்டு. வெட்கக்கேடு.

அதனால் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் "ஃபார்மசிஸ்ட் எந்த நேரத்தில் இருப்பார்" என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் நல்ல கடை. மூஞ்சியைப் பார்த்து முழித்தால் அடுத்த கடை. இன்னொன்று, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வந்து கேட்காதீர்கள். பக்கத்து கிளினிக் கூட்டமெல்லாம் அப்போதுதான் வரும், நான்கூட எரிந்து விழுவேன். மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் வாருங்கள், ஸ்டூல் போட்டு உட்கார வைத்துப் பேசுவேன்.

ஆன்லைனை நான் திட்டப்போவதில்லை, நடக்க முடியாதவர்களுக்கு அது வசதிதான். 2018இல் மத்திய அரசு அதற்கென்று வரைவு விதிகள் கொண்டுவந்தது. அது வந்ததிலிருந்தே கடைக்காரர்களுக்கும் அவர்களுக்கும் பஞ்சாயத்துதான், நான் ஒரு பக்கத்து ஆள் என்பதால் அதில் என் கருத்தை விட்டுவிடுங்கள்.


ஈஸ்ட்ஹாம் அக்கா:

நான் லண்டன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்ரை அம்மாவும் என்னோடுதான் இருக்கிறா, அவவுக்கும் இதே மாதிரி ஏழு குளிசை. இங்கே வழக்கமான மருந்துகளை ரிப்பீட் என்று டாக்டர் கணினியில் பதிந்து வைத்துவிடுவார். முடிகிற நேரம் செயலியில் ஒரு டிக் போட்டால் சீட்டு நேரே நாங்கள் சொன்ன பார்மசிக்குப் போய்விடும், அநேகமாக 28 நாளுக்கோ 56 நாளுக்கோ தருவார்கள். அம்மாவுக்கு 60 வயதுக்கு மேல் என்றபடியால் காசில்லை. எனக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பக்கம் அதுவும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 2024 ஜனவரி கடைசியிலிருந்து இங்கிலாந்தில் ஏழு சின்ன வருத்தங்களுக்கு, தொண்டை நோ, காது நோ, பூச்சிக் கடி, அக்கி மாதிரியானவற்றுக்கு, டாக்டரிடம் போகாமலே பார்மசிஸ்ட் பார்த்து மருந்து தரலாம் என்று கொண்டுவந்தார்கள். தனி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதைப்பார். அம்மாவுக்கு முதலில் வெட்கம், "கடைக்காரப் பெடியனிடம் போய் இதையெல்லாம் கதைக்கிறதோ" என்று. இப்போது டாக்டரைவிட அவரிடம்தான் போகிறா. கடையில் நிற்கிறவர் படித்தவர் என்று ஒருமுறை நம்பிக்கை வந்துவிட்டால் பிறகு சனம் தானாகப் போகும்.


காவிரிக்கரை:

அக்கா, அந்தத் தனி அறை விஷயம் பெரிது. இங்கே கவுண்டரில் நின்றுகொண்டு "மூலத்துக்கு மருந்து" என்று சொன்னால் பின்னால் நிற்கிற நாலு பேருக்கும் கேட்கும். அதனாலேயே அப்பா எதுவும் வாயைத் திறக்க மாட்டார்.

கல்வம் சார், இன்னொரு தலைவலி. ஒவ்வொரு மாத்திரையும் ஒவ்வொரு தேதியில் தீர்கிறது. ஒரு அட்டையில் 10, இன்னொன்றில் 15, அம்மாவின் தைராய்டு மாத்திரை 100 இருக்கிற டப்பா. மாதத்தில் நாலு தடவை கடைக்கு நடக்கிறார்கள், அந்த நாலில் ஒரு தடவை மறந்துவிடுகிறார்கள்.


கல்வம்:

இதற்கு ஒரே ஒரு மாதம் கணக்குப் போட்டால் போதும். ஒரு தேதியை முடிவு செய்யுங்கள், பென்ஷன் வந்ததற்கு அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்வோம், 12ஆம் தேதி. அன்றைக்கு டின்னில் ஒவ்வொன்றிலும் எத்தனை மிச்சம் என்று எண்ணி எழுதுங்கள். அதிகமாக இருப்பதை இந்த மாதம் குறைவாக வாங்குங்கள், குறைவாக இருப்பதை முழுசாக. அடுத்த 12ஆம் தேதி எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகத் தீரும். 31 நாள் மாதத்துக்காக ஐந்தாறு மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் டாக்டர் நடுவில் மாற்றினால் வீண்.

அட்டையை வெட்டி வாங்கும்போது காலாவதித் தேதி அச்சடித்திருக்கும் பக்கம் உங்களிடம் இருக்கும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், ஏனென்றால் அந்தப் பக்கம் அவருக்கும் வேண்டும். அப்போது பில்லில் இருக்கும் காலாவதித் தேதியைக் காட்டச் சொல்லுங்கள்.

அம்மா தைராய்டு மாத்திரை எப்போது சாப்பிடுகிறார்?


காவிரிக்கரை:

காலையில் காபியோடு. அப்புறம் டிபன் முடிந்ததும் கால்சியம்.


கல்வம்:

நினைத்தேன். தைராக்ஸின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கும்பகோணத்தில் போய் இதைச் சொன்னால் என்னை அடிப்பார்கள், இருந்தாலும் அதுதான் சரி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும், அதனால் கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கோ ராத்திரிக்கோ தள்ளிவிடச் சொல்லுங்கள். கம்பெனி மாற்றக் கூடாத மருந்துகளில் இதுவும் ஒன்று. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். காபியை இப்போது தள்ளி வைத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இத்தனை நாள் காபியோடு சாப்பிட்டதற்கு ஏற்ற அளவைத்தான் அவர் எழுதியிருப்பார், இனி முழுசாக உறிஞ்சினால் அளவு கூடிப்போகலாம்.


இரண்டாம் ஷிப்ட்:

நர்ஸ் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை உண்டு, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. பெரியவர்கள் எல்லா மாத்திரையையும் தினமும் போட்டே பழகியவர்கள், இதையும் தினமும் போட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி வார்டுக்கு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் மகன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது, "கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மேடம்". சீட்டில் ஆங்கிலத்தில் வாரம் ஒருமுறை என்றுதான் இருந்தது. அட்டையின் மேல் "வியாழக்கிழமை மட்டும்" என்று தமிழில் பேனாவால் எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இது இருந்தால் இன்றைக்கே போய் எழுதி ஒட்டுங்கள்.


நெல்லைச்சீமை:

விலை பற்றி யாருமே பேசவில்லையே. முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் 1000 இடத்தில் திறந்தார்கள், மத்திய அரசின் மக்கள் மருந்தகம் ஏற்கெனவே இருக்கிறது. ஜெனரிக், அதாவது மூலப்பெயரில் விற்கிற மருந்து, வாங்கியதில் எங்கள் சித்தப்பாவின் மாதச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அது நல்லதா, தரம் குறைவா, கல்வம் சார்?


கல்வம்:

என் கடைக்கு நஷ்டம் வருகிற கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். நல்லதுதான். பிரஷர், சுகர், கொலஸ்ட்ராலுக்குத் தாராளமாக மாறலாம். ஆனால் மாறும்போது மொத்தமாக மாறுங்கள், டாக்டரிடம் சொல்லி மருந்தின் மூலப்பெயரில் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மாறுங்கள். இந்த மாதம் அங்கே, அடுத்த மாதம் இங்கே என்று மாற்றி மாற்றி வாங்கினால் உங்கள் ஆச்சிக்கு நடந்ததுதான் நடக்கும். மாறின அன்றைக்குப் பழைய அட்டைகள் ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. வலிப்பு மருந்து, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து, இந்த மூன்றையும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.


மாடிவீட்டு மல்லிகா:

சீட்டு பழையதாகிவிட்டது, டாக்டர் வெளியூர், மாத்திரை நாளைக்குத் தீர்கிறது. அப்போது என்ன செய்வது சார்? பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து என்கிறார்கள்.


கல்வம்:

சிலதை நிறுத்தினால் உண்மையிலேயே ஆபத்து. அட்டெனோலால், மெட்டோபுரோலால் மாதிரி இதய மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் நெஞ்சுவலிவரை போகும். வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். நான் செய்வதைச் சொல்கிறேன், சட்டம் தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டால் பிடித்துக்கொள்ளட்டும். வழக்கமாக வருகிறவர், பழைய சீட்டும் அட்டையும் கையில் இருக்கிறது என்றால் டாக்டருக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுப்பேன். 70 வயதுக்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு என்னால் தூங்க முடியாது. எச்1 மருந்தென்றால் கிடையவே கிடையாது.

முறையான வழியும் இருக்கிறது. 2020 மார்ச்சில் தொலை மருத்துவ வழிகாட்டுதல்கள் வந்தன. ஏற்கெனவே நேரில் பார்த்த டாக்டர், ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்கு என்றால் வீடியோவிலோ போனிலோ பேசிப் புதுச் சீட்டு அனுப்பலாம். நிறைய டாக்டர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதில் பெயர், பதிவு எண், தேதி, கையெழுத்து இருக்க வேண்டும், வெறும் "டெல்மா கொடு" என்று குறுஞ்செய்தி வந்தால் அது சீட்டு ஆகாது. அதுவும் கிடைக்கவில்லை என்றால் அரசின் இ-சஞ்சீவனி தொலை மருத்துவச் சேவை இருக்கிறது, காசில்லை.


காவிரிக்கரை:

ஐந்து வாரம் கழித்து வந்திருக்கிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் டெல்மிசார்டன் தனியாக, அம்லோடிபின் 5 தனியாக என்று பழையபடியே வைத்தார், பத்து நாளில் அப்பாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. புதுச் சீட்டில் "மாதம் ஒருமுறை, மூன்று முறை" என்று எழுதித் தரும்படி நானே கேட்டேன், ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். கடையை மாற்றினோம். தஞ்சாவூர் ரோட்டில் ஒரு சின்னக் கடை, ஃபார்மசிஸ்ட் பெண், மதியம் இருப்பார் என்று அவர்களே சொன்னார்கள். பிஸ்கட் டின்னை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினோம். அம்மாவின் மஞ்சள் மாத்திரை அசிக்ளோஃபெனாக். காலாவதியான இருமல் மருந்து மூன்று, யாருடையது என்றே தெரியாத ஒரு ஆன்டிபயாட்டிக் பாதி அட்டை. அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார், காலை, மதியம், ராத்திரி என்று மூன்று கட்டம். அதைப் போட்டோ எடுத்து நான் என் போனில் வைத்திருக்கிறேன்.

காபி விஷயத்தில்தான் பெரிய சண்டை. கடைசியில் அம்மா நாலரைக்கே எழுந்து மாத்திரையைப் போட்டுவிட்டுக் கோலம் போட்டு முடித்துவிட்டு ஐந்தரைக்குக் காபி குடிக்கிறார். டிஎஸ்எச் அடுத்த வாரம் பார்க்கிறோம்.

அப்பா சீட்டை இப்போது எல்ஐசி பாலிசி வந்த பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். கடையில் அதை உருவி எடுத்து, "மேலே தேதி போடுங்கம்மா" என்று சத்தமாகச் சொல்கிறாராம். முதல் சீல் விழுந்துவிட்டது.


பெரியகுளத்தார்:

கல்வம் தம்பிக்கு. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். கிரியாட்டினின் 1.7. டாக்டர் மெட்ஃபார்மினைப் பாதியாகக் குறைத்துவிட்டார், டைக்ளோஃபெனாக் தொடவே கூடாது என்றுவிட்டார். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். மாத்திரை குறைந்ததில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாதம் 60 ரூபாய்கூட இல்லை. பீஸ் 500 வாங்கியது வாங்கியதுதான்.

இடுப்பு வலிக்கு இனி எதைப் போடுவது?


கல்வம்:

பாராசிட்டமால் ஐயா, அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். உங்கள் ஊர்க் கடையில் இருக்கிறவரிடம் இந்த ரிப்போர்ட்டை ஒருமுறை காட்டிவிடுங்கள், அடுத்த தடவை நீங்களே மறந்துபோய் டைக்ளோஃபெனாக் கேட்டாலும் அவர் கொடுக்க மாட்டார்.